வீட்டு சர்வரில் ஓஎஸ் மாற்றப் போறீங்களா? போட்டோ, ஃபைல் எதுவும் போகாமல் இருக்க முதலில் செய்ய வேண்டியது இதுதான்!

பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, இரண்டு பெரிய ஹார்டு டிஸ்க் மாட்டி, வீட்டு மூலையில் ஓட விட்டால் அதுதான் வீட்டு சர்வர். குடும்பத்தில் எல்லோருடைய செல்போன் போட்டோவும் அதில் சேரும். கடைக் கணக்கு, ஸ்கேன் செய்த பத்திரங்கள், சிசிடிவி பதிவு, கல்யாண வீடியோ என எல்லாம் அதில்தான் இருக்கும். பெரிய நகரங்களில் மட்டுமல்ல, விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களிலும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

பிரச்சனை, அந்த சர்வரின் ஓஎஸ்ஸை அழித்துவிட்டு மறுபடியும் போட வேண்டிய நாளில்தான் வரும். "ஓஎஸ் போட்டா எல்லாம் அழிஞ்சிடுமா?" என்பதுதான் முதல் கேள்வி. அழியாது. ஆனால் தப்பான டிஸ்க்கை ஃபார்மெட் செய்தாலோ, ஒருமுறைகூட திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பினாலோ கண்டிப்பாக அழியும். பாதுகாப்பாக எப்படி செய்வது? பார்க்கலாம்.

ஓஎஸ்ஸை ஏன் மாற்ற வேண்டும்?

நன்றாக ஓடும் சர்வரை ஏன் தொட வேண்டும் என்று தோன்றலாம். முக்கிய காரணம், பாதுகாப்பு அப்டேட் நின்றுபோவது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் முடிந்தது. வீட்டு சர்வர்களில் அதிகம் பயன்படும் உபுண்டு 20.04 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு அதே ஆண்டு மே மாதம் முடிந்தது. உபுண்டு 24.04-க்கு 2029 வரை ஆதரவு உண்டு. டெபியன் 13 பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளியானது.

இன்னொரு காரணம், ஓஎஸ் இருக்கும் டிஸ்க்கே கெட்டுப் போவது. அடிக்கடி கரண்ட் கட் ஆகும் இடத்தில் யுபிஎஸ் இல்லாமல் சர்வர் ஓடினால் இது சீக்கிரமே நடக்கும். மெமரி கார்டில் இருந்து ஓடும் சின்ன போர்டு கம்ப்யூட்டர்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

விழுப்புரம் மாவட்டத்துக்கு ஒரு கூடுதல் காரணம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனம் அருகே உள்ள மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் பெருக்கெடுத்தது. அரசூர் பகுதியில் சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையிலேயே தண்ணீர் ஓடியது. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில் போக்குவரத்தும் பாதிக்கப்பட்டது.

தரைத்தளத்தில், மேஜைக்கு அடியில் சர்வர் இருந்து, பேக்கப் டிஸ்க்கும் அதே மேஜையின் டிராயரில் இருந்தால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே தண்ணீரில்தான் மூழ்கும். ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு காப்பி, வெள்ளத்துக்கு முன்னால் ஒரே காப்பிதான். அதனால் ஓஎஸ் மாற்றுவதற்காக எடுக்கும் பேக்கப்பை, வெள்ளத்தையும் தாங்கும் பேக்கப்பாகவே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். வேலை ஒன்றுதான், பலன் இரண்டு.

3-2-1 என்றால் என்ன?

பேக்கப் எடுப்பதில் உலகம் முழுக்க சொல்லப்படும் எளிய விதி இது. இதைப் பரவலாக்கியவர் அமெரிக்க புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ.

- டேட்டா மொத்தம் 3 காப்பி இருக்க வேண்டும்
- அவை 2 வேறு வகை சாதனங்களில் இருக்க வேண்டும்
- அதில் 1 காப்பி வேறு இடத்தில் இருக்க வேண்டும்

விழுப்புரத்தில் இருப்பவருக்கு அந்த "வேறு இடம்" திண்டிவனத்தில் இருக்கும் அக்கா வீடாக இருக்கலாம். ஆனால் ஃபெஞ்சல் இரண்டு ஊர்ப் பக்கத்தையும் ஒன்றாகத்தான் தாக்கியது. அதனால் அங்கேயும் மாடியில், பீரோவின் மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் முக்கியமான ஃபைல்களுக்கு மட்டும் கிளவுடிலோ, வேறு மாவட்டத்திலோ இன்னொரு காப்பி வையுங்கள். வெளியே போகும் டிஸ்க்கில் ஆதார், பத்திரம் போன்றவை இருக்கும் என்பதால் பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் செய்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

நெட்டில் அனுப்பலாமா? பஸ்ஸில் அனுப்பலாமா?

உதாரணத்துக்கு 2 டிபி டேட்டா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்லோடு வேகம் 50 எம்பிபிஎஸ் கிடைத்தால் அது நொடிக்கு 6 எம்பி-க்கு சற்று மேல்தான். 2 டிபி போய்ச் சேர, நடுவில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடினாலே சுமார் மூன்றே முக்கால் நாள் ஆகும்.

அதே டேட்டாவை யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்ய சுமார் 5 மணி நேரம் போதும். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகிவிட்டால் 16 மணி நேரம் ஆகிவிடும், கவனம். பிறகு டிஸ்க்கை பையில் போட்டுக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். முதல் காப்பி பஸ்ஸில் போகட்டும். அதன்பிறகு தினமும் புதிதாகச் சேர்வதை மட்டும் நெட்டில் அனுப்பினால் போதும்.

பேக்கப் இருந்தும் மாட்டிக்கொண்ட பெரிய கம்பெனிகள்

"அதான் பேக்கப் ஓடுதே" என்று இருந்துவிடக் கூடாது என்பதற்கு இரண்டு பிரபலமான உதாரணங்கள் உண்டு.

1998-ல் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஒரு தவறான கட்டளையால் படத்தின் ஃபைல்கள் மளமளவென அழிந்தன. பேக்கப்பை எடுத்துப் பார்த்தால், அது சரியாகப் பதிவாகாமல் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த காப்பிதான் படத்தைக் காப்பாற்றியது.

2017 ஜனவரி 31-ம் தேதி கிட்லேப் நிறுவனத்தில், ஒரு இன்ஜினீயர் வேறு சர்வர் என்று நினைத்து முக்கிய சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். அந்த நிறுவனத்திடம் பல வகை பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும் அந்த நேரத்தில் அவை கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு காப்பியில் இருந்துதான் மீண்டார்கள்.

இரண்டிலும் பாடம் ஒன்றே. பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து ஃபைலை திரும்ப எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கே என்ன இருக்கிறது? முதலில் இதைத் தெரிஞ்சுக்கோங்க

பலர் போட்டோ இருக்கும் டிஸ்க்கை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு, ஓஎஸ் டிஸ்க்கை அழித்துவிடுகிறார்கள். பிறகுதான் தெரியும், போட்டோ இருக்கிறது, ஆனால் ஆல்பம் இல்லை என்று. இம்மிச், நெக்ஸ்ட்கிளவுட் போன்ற செயலிகளில் போட்டோ ஒரு இடத்தில் இருக்கும். எந்த ஆல்பம், யாருடைய முகம், யாருக்கு என்ன அனுமதி என்ற விவரம் எல்லாம் தனியாக ஒரு டேட்டாபேஸில் இருக்கும். அந்த டேட்டாபேஸ் பெரும்பாலும் ஓஎஸ் டிஸ்க்கில்தான் இருக்கும்.

எனவே ஓஎஸ் டிஸ்க்கில் இருந்து எடுக்க வேண்டியவை இவை:

- பயனர்களின் ஹோம் ஃபோல்டர்
- செட்டிங்ஸ் எல்லாம் இருக்கும் இடிசி ஃபோல்டர்
- டாக்கர் பயன்படுத்தினால் கம்போஸ் ஃபைல்களும் வால்யூம்களும்
- டேட்டாபேஸ் முழுவதும்
- தானாக ஓடும் வேலைகளின் பட்டியல், அதாவது கிரான்டேப்
- எஸ்எஸ்எச் சாவிகள், சர்வரின் ஐபி முகவரி, பயனர் பெயர்கள்
- டிஸ்க் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால் அதன் பாஸ்வேர்டு அல்லது ரெக்கவரி சாவி

கடைசியில் இருப்பதுதான் ரொம்ப முக்கியம். சாவி இல்லாவிட்டால் டிஸ்க் கையில் இருந்தும் டேட்டா இல்லாததற்குச் சமம். விண்டோஸில் பிட்லாக்கர் ஆன் ஆகியிருப்பதே சிலருக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அதன் ரெக்கவரி சாவி இருக்கிறதா என்று பார்த்து, பேப்பரில் எழுதி வையுங்கள். சாவியை அதே சர்வரில் சேமித்து வைப்பது, பூட்டிய பெட்டிக்குள் சாவியைப் போடுவது மாதிரி.

டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபைல்களை அப்படியே காப்பி செய்யாதீங்க. பாதி எழுதிய நிலையில் காப்பி ஆகி, பிறகு திறக்காமல் போகலாம். செயலியை நிறுத்திவிட்டு காப்பி செய்ய வேண்டும், அல்லது டேட்டாபேஸுக்கு உரிய டம்ப் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். அப்போது எந்தப் பதிப்பு ஓடியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெப் பை ஸ்டெப்: வேலையைத் தொடங்கும் முன்

1. ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பர், கம்பெனி, அளவு, அதில் என்ன இருக்கிறது என்பதை ஒரு பேப்பரில் எழுதுங்கள். டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை செல்போனில் போட்டோ எடுங்கள். 4 டிபி டிஸ்க் இரண்டு இருந்தால் அளவை மட்டும் வைத்து எது எது என்று சொல்ல முடியாது. சீரியல் நம்பர்தான் அடையாளம்.

2. டிஸ்க்கின் ஆரோக்கியத்தை ஸ்மார்ட் பரிசோதனை மூலம் பாருங்கள. கெட்டுப்போன பகுதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தால், ஓஎஸ் மாற்றுவதை ஒத்திவைத்துவிட்டு முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள்.

3. பேக்கப் எடுங்கள். ஆர்சிங்க் போன்ற கருவியைப் பயன்படுத்தினால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அனுமதி விவரங்களும் சேர்ந்து வரும்.

4. பேக்கப்பை சோதியுங்கள். அந்த டிஸ்க்கை வேறு ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, பழைய போட்டோ பத்து, புதிய போட்டோ பத்து, ஒரு பெரிய வீடியோ, ஒரு கணக்கு ஃபைல் திறந்து பாருங்கள். வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். முழுமையாகச் சரிபார்க்க வேண்டும் என்றால் இரண்டு பக்கத்து ஃபைல்களின் செக்சம் எண்களை ஒப்பிடலாம்.

5. புதிய ஓஎஸ்ஸை அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் டவுன்லோடு செய்து, பென்டிரைவில் ஏற்றுங்கள். வென்டாய், ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருள்கள் போதும். அந்த பென்டிரைவ் முழுவதும் அழியும் என்பதால் காலி பென்டிரைவாக எடுங்கள்.

ஸ்டெப் பை ஸ்டெப்: இன்ஸ்டால் செய்யும்போது

1. சர்வரை முறையாக ஷட்டவுன் செய்து, பிளக்கை எடுங்கள். பிறகு டேட்டா டிஸ்க்குகளின் சாட்டா கேபிளைக் கழற்றுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள். இணைக்கப்படாத டிஸ்க்கை எந்த இன்ஸ்டாலராலும் ஃபார்மெட் செய்ய முடியாது. இசட்எஃப்எஸ் பயன்படுத்துபவர்கள் கழற்றும் முன் பூலை எக்ஸ்போர்ட் செய்துவிட வேண்டும்.

2. முடிந்தால் பழைய ஓஎஸ் டிஸ்க்கையும் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, புதிய சிறிய எஸ்எஸ்டி ஒன்றில் ஓஎஸ் போடுங்கள். புதியது சரிவரவில்லை என்றால் பழையதை மாட்டினால் பத்து நிமிடத்தில் பழைய சர்வர் அப்படியே வந்துவிடும்.

3. ஒரே டிஸ்க்தான் இருக்கிறது, அதில் ஹோம் தனி பார்ட்டிஷனாக இருக்கிறது என்றால், "முழு டிஸ்க்கையும் அழி" என்ற வசதியைத் தொடாதீங்க. கையால் பார்ட்டிஷன் தேர்வு செய்யும் வசதிக்குப் போய், ரூட் பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மெட் செய்யுங்கள். ஹோம் பார்ட்டிஷனை அதே இடத்தில் இணைத்து, ஃபார்மெட் டிக்கை எடுத்துவிடுங்கள். கடைசியாக வரும் சுருக்கப் பட்டியலை நிதானமாகப் படித்த பிறகே ஓகே கொடுங்கள்.

4. பழைய பயனர் பெயரையே கொடுங்கள். பல பயனர்கள் இருந்தால் முன்பு உருவாக்கிய அதே வரிசையில் உருவாக்குங்கள். காரணம் கீழே.

விண்டோஸில் சர்வர் ஓட்டுபவர்களுக்கு ரீசெட் செய்யும்போது "ஃபைல்களை வைத்துக்கொள்" என்ற வசதி கிடைக்கும். அது பயனரின் ஃபோல்டரில் இருப்பதைக் காப்பாற்றும், இன்ஸ்டால் செய்த மென்பொருள்களை நீக்கிவிடும். அதை பேக்கப்புக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய சொந்த ஃபைல்களையே அழித்ததால், மைக்ரோசாஃப்ட் அதன் விநியோகத்தை சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தது.

ஸ்டெப் பை ஸ்டெப்: டிஸ்க்கை மறுபடி இணைக்கும்போது

1. புதிய ஓஎஸ் நன்றாக ஓடுகிறதா என்று இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்டேட்களை முடியுங்கள். பிறகு ஷட்டவுன் செய்து டேட்டா டிஸ்க்கை மாட்டுங்கள்.

2. முதல் முறை "படிக்க மட்டும்" என்ற முறையில் மவுண்ட் செய்யுங்கள். எல்லாம் தெரிகிறது என்று உறுதியானதும் வழக்கமான முறைக்கு மாற்றலாம்.

3. டிஸ்க்கை நிரந்தரமாக இணைக்கும்போது, எஃப்எஸ்டேப் ஃபைலில் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களை எழுதாதீங்க. கேபிள் மாறினால் அந்தப் பெயரும் மாறிவிடும். யுயுஐடி எண்ணை எழுதுங்கள். கூடவே நோஃபெயில் என்ற ஆப்ஷனையும் சேர்த்தால், அந்த டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் பூட் ஆகும்.

4. ரெய்டு பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏற்கனவே இருக்கும் ரெய்டை இணைக்க "அசெம்பிள்" கட்டளைதான் கொடுக்க வேண்டும். "கிரியேட்" என்று கொடுத்தால் புதிய ரெய்டு உருவாகும், பழைய டேட்டா ஆபத்தில் சிக்கும். இசட்எஃப்எஸ் என்றால் "இம்போர்ட்".

5. டேட்டாபேஸை முன்பு குறித்து வைத்த அதே பதிப்பில் முதலில் மீட்டெடுங்கள். ஆல்பம், பயனர் எல்லாம் சரியாக வந்த பிறகு புதிய பதிப்புக்கு அப்டேட் செய்யலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஃபைல் தெரியுது, ஆனா திறக்கலையே!

ஓஎஸ் மாற்றியவர்கள் பதறும் இடம் இது. ஃபைல் பெயர்கள் தெரியும், திறந்தால் "அனுமதி இல்லை" என்று வரும். டேட்டா எங்கேயும் போகவில்லை. லினக்ஸ் ஒரு ஃபைலின் சொந்தக்காரரைப் பெயரால் அல்ல, எண்ணால்தான் நினைவில் வைத்திருக்கும். உபுண்டு, டெபியனில் முதலில் உருவாக்கப்படும் பயனருக்கு பொதுவாக 1000 என்ற எண் கிடைக்கும், அடுத்தவருக்கு 1001. புதிய ஓஎஸ்ஸில் வரிசை மாறி அப்பாவுக்கு மகனின் எண் கிடைத்துவிட்டால், அப்பாவின் ஃபைல்கள் மகனுடையதாகத் தெரியும். ஃபைலின் உரிமையாளரை மாற்றும் கட்டளை மூலம் சரிசெய்துவிடலாம். இதற்காக மறுபடியும் ஃபார்மெட் செய்யப் போய்விடக் கூடாது.

ரெய்டு இருக்கே, பேக்கப் எதற்கு?

ரெய்டு, ஒரு டிஸ்க் கெட்டுப்போனால் சர்வர் நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு. நீங்கள் ஒரு ஃபோல்டரைத் தவறாக அழித்தால், இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினாலும், வெள்ளம் வந்தாலும் அதே கதைதான். ரெய்டு இருந்தாலும் தனி பேக்கப் அவசியம்.

தப்பான டிஸ்க்கை ஃபார்மெட் பண்ணிட்டா?

உடனே சர்வரை நிறுத்துங்கள். அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாதீங்க, எதையும் இன்ஸ்டால் செய்யாதீங்க. ஃபார்மெட் ஆனதும் பழைய ஃபைல்கள் உடனே மறைந்துவிடுவதில்லை. அவற்றின் மேல் புதிய டேட்டா எழுதப்படும்போதுதான் நிரந்தரமாகப் போகின்றன. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற இலவசக் கருவிகளால் முயற்சி செய்யலாம். மீட்கும் ஃபைல்களை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் வாய்ப்பு ஓரளவு உண்டு. எஸ்எஸ்டியில் ட்ரிம் என்ற வசதி காலியான இடத்தை உடனே துடைத்துவிடுவதால் வாய்ப்பு ரொம்பக் குறைவு. டிஸ்க்கில் இருந்து கடகட சத்தம் வந்தால் நீங்களாக முயற்சிக்காமல் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுப்பதே நல்லது.

எல்லாம் முடிந்த பிறகு

பழைய ஓஎஸ் டிஸ்க்கை குறைந்தது ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள். மறந்துபோன ஒரு செட்டிங், ஒரு பாஸ்வேர்டு அதிலிருந்துதான் கிடைக்கும். புதிய ஓஎஸ்ஸில் தானியங்கி பேக்கப் மறுபடியும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓஎஸ் மாற்றும்போது அதன் அட்டவணையும் சேர்ந்து அழிந்திருக்கும் என்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இருக்கும். அதனால் இந்த வேலையை செப்டம்பருக்குள் முடிப்பது விழுப்புரம், திண்டிவனம் பகுதியினருக்கு வசதி. ஒரு டிஸ்க் வீட்டு மாடியில், ஒரு டிஸ்க் வேறு ஊரில். இரண்டும் திறந்து பார்க்கப்பட்டவை. அதன்பிறகு ஓஎஸ்ஸை எத்தனை முறை மாற்றினாலும் பயமில்லை.